வடியாத மெஷினும் எங்க வீட்டுக்காரரும்

எங்க வீட்டுக்காரர் ஒரு கிளாம்ப்பை முறுக்கினாரா இல்லையாங்கிற ஒரே கேள்வியில எங்க ஏழு வருஷம் போச்சு. கேக்கிறவங்களுக்குச் சிரிப்பா இருக்கும். எனக்கும் முதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் எரிச்சல் வந்துச்சு, அதுக்கப்புறம் பயம் வந்துச்சு.

அவர் டிஷ்வாஷர் மெக்கானிக். பாத்திரம் கழுவுற மெஷினை வீடு வீடாப் போய் மாட்டுவார், பழுதானா பார்ப்பார். நான் அதே சர்வீஸ் கடையில போன் எடுக்கிறவ. எந்த வீட்ல என்ன கோளாறுன்னு சீட்டுல எழுதி, யார் எப்போ எங்க போகணும்னு விரட்டுறது என் வேலை. கடையில என்னை ‘சைரன்’ம்பாங்க. என் காதுபடவே சொல்லுவாங்க, நானும் கண்டுக்க மாட்டேன். என் வாய் மட்டும் இல்லைன்னா அந்தக் கடையில ஒரு வேனும் நேரத்துக்குக் கிளம்பாது.

அவர் எனக்கு நேர் எதிர். வாயில்லாப் பூச்சி. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பெரிய கேன்டீன்ல நாலு வருஷம் பாத்திரம் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிஞ்சு கிடக்கும். அங்க ஒரு நாள் கழுவுற மெஷின் ஒண்ணு வந்து இறங்குச்சு. கூட வேலை பார்த்தவங்க எல்லாம் ‘நம்ம பொழப்புல மண்ணு’ன்னு திட்டினப்ப, இவர் மட்டும் அதைக் கழட்டி மாட்டுறவன் பின்னாடியே சுத்தினாராம். அப்படிப் பாத்திரம் கழுவினவரே அந்த மெஷினுக்கு டாக்டர் ஆயிட்டார். எங்க வீட்ல மெஷின் கிடையாது, அது வேற கதை. எங்க வீட்டு மெஷின் நான்தான்.

தண்ணி வடியலைன்னு புகார் வந்தா அவரைத்தான் அனுப்புவேன். கதவைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்ப்பார். “பத்துல எட்டு மெஷின்ல கோளாறே இல்ல, ஃபில்டரைக் கழுவ மாட்டாங்க, அவ்வளவுதான்”ம்பார். முதல்ல ஃபில்டர், அப்புறம் பம்ப், கடைசியா தண்ணி வெளிய போற ஹோஸ். இந்த வரிசை மாறவே மாறாது. பம்ப்புல இருந்து அவர் எடுக்காத பொருள் இல்ல. பல்குத்துற குச்சி, பாட்டில்ல ஒட்டியிருந்த லேபிள், உடைஞ்ச கண்ணாடி, ஒரு தடவை ஒரு பொம்மையோட கை. அதையெல்லாம் ஒரு துணியில வரிசையா வச்சு வீட்டுக்காரங்க கிட்ட காட்டுவார். திட்ட மாட்டார். நானா இருந்தா நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அந்தக் கிளாம்ப் கதை இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வீட்ல புது மெஷின் மாட்டிட்டு வந்தார். வயசான புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர் இருந்த வீடு. அந்த அம்மா ரொம்ப ஆசையா கூடவே நின்னு பார்த்தாங்களாம். “இனிமே என் முதுகு தப்பிச்சுது தம்பி”ன்னு சொன்னாங்களாம். மெஷினை எப்படி ஓட்டுறதுன்னு சொல்லிக் கொடுக்க நாலாம் நாள் இவர் திரும்பப் போகணும். அன்னிக்குக் காலையில அவங்க பொண்ணு கடைக்குப் போன் பண்ணுச்சு. நான்தான் எடுத்தேன்.

“அண்ணனை இன்னிக்கு வர வேணாம்னு சொல்லிடுங்கக்கா. மெஷின்ல இருந்து தண்ணி வந்து சமையலறை பூரா நின்னிருக்கு. அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க. தலையில அடி. போயிட்டாங்க.”

கோபமா ஒரு வார்த்தை பேசல அந்தப் பொண்ணு. யார் மேலயும் புகார் சொல்லல. அவருக்கு எழுதி வச்சிருந்த சீட்டுல அந்த வீட்டை அடிச்சேன். சாயந்திரம் அவர்கிட்ட சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம்னு அப்புறம் ஆயிரம் தடவை நினைச்சிருக்கேன்.

தண்ணி வெளிய வரணும்னா ஒரே வழிதான்னு அவருக்குத் தெரியும். மெஷினோட அழுக்குத் தண்ணி ஒரு ஹோஸ் வழியா வந்து, சிங்க்குக்குக் கீழே இருக்கிற குழாயில சேரும். அந்த இடத்துல ஒரு இரும்பு வளையம் போட்டு, ஸ்க்ரூடிரைவரால முறுக்கணும். அதுதான் கிளாம்ப். முறுக்கலைன்னா, பம்ப் தள்ளுற வேகத்துல ஹோஸ் கழண்டுக்கும்.

“முறுக்கினேனா?”ன்னு அன்னிக்கு என்னைக் கேட்டார். “உங்க கை உங்களுக்குத் தெரியாதா”ன்னேன். “தெரியல. ஹோஸைச் சொருகினது ஞாபகம் இருக்கு. பெட்டியைத் தூக்கிட்டு வெளிய வந்தது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல.” ஒரு நாளைக்கு ஆறு வீடு, வருஷத்துக்கு எத்தனை கிளாம்ப், அதுல ஒண்ணை எப்படி ஞாபகம் வச்சுக்கிறது? நானும் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். நீங்க முறுக்காம வர்ற ஆளே இல்ல, வேற ஏதாச்சும் ஆகியிருக்கும்னு அடிச்சுச் சொன்னேன்.

துக்கம் கேக்கப் போறேன்னு கிளம்பினார். அந்தத் தெரு முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டார்.

அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. என் நகப்பூச்சு டப்பா ஒரு நாள் காணாம போச்சு. வெள்ளை நிறம், ஆசையா வாங்கினது. பார்த்தா அவர் பெட்டியில இருக்கு. கிளாம்ப்பை முறுக்கினதும், கிளாம்ப் மேலயும் ஹோஸ் மேலயும் சேர்ந்து விழுற மாதிரி ஒரு கோடு போடுறார். கோடு கோணாம இருந்தா யாரும் அசைக்கலைன்னு அர்த்தமாம். கோடு போட்டுட்டு வேன்ல வந்து உட்காருவார். உட்கார்ந்துட்டு இறங்கிப் போய், கோடு இருக்கான்னு திரும்பப் பார்ப்பார். ஆறு வீடு நாலாச்சு, அப்புறம் மூணாச்சு. முதலாளி என்கிட்ட கத்துவார், நான் இவர்கிட்ட கத்துவேன், இவர் யார்கிட்டயும் கத்த மாட்டார்.

அதோட நின்னிருந்தா பரவாயில்ல. ஒரு நாள் ஒரு வீட்டம்மா எனக்குப் போன் பண்ணி, “உங்க ஆள் நல்லாத்தானே இருக்கார்? எங்க சமையலறையில தனியா பேசிக்கிட்டு இருக்கார்”ன்னாங்க. வீட்டுக்கு வந்ததும் பிடிச்சுக்கிட்டேன். ரொம்ப நேரம் மழுப்பினார். அப்புறம் சொன்னார்.

“சிங்க்குக்குக் கீழே தலையை விட்டுப் படுத்திருக்கும்போது, வெளிய நிக்கிறவங்களோட கால் மட்டும்தான் தெரியும். ரெண்டு கால் நின்னுச்சு. ஈரமா. வீட்டம்மாதான்னு நினைச்சு, தள்ளி நில்லுங்கம்மா, வழுக்கும்னு சொன்னேன். தலையை வெளிய எடுத்துப் பார்த்தா யாரும் இல்ல. தரையும் காஞ்சு கிடக்கு.”

“சும்மா காதுல பூ சுத்தாதீங்க”ன்னு எழுந்து போயிட்டேன். பேய் பிசாசுல எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா அன்னியிலிருந்து எங்க சமையலறையை ரெண்டு தடவை துடைக்க ஆரம்பிச்சேன். எதுக்குத் துடைக்கிறேன்னு என்னையே கேட்டுக்கிட்டதில்ல.

அப்புறம் அது அடிக்கடி வந்துச்சு. எந்த வீடா இருந்தாலும் சரி, தலையை உள்ள விட்டா போதும், அந்தக் கால் வந்து நிக்குமாம். ஒண்ணும் செய்யாதாம், பேசாதாம். சும்மா வேலை முடியிற வரைக்கும் நிக்குமாம். ஒரு நாள் மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தா, வீட்ல இருக்கிற துண்டு, போர்வை, என் பழைய புடவை எல்லாத்தையும் சமையலறையில ஓரத்தோட ஓரம் சேர்த்து விரிச்சு வச்சிருக்கார். நடுவுல உட்கார்ந்திருக்கார். “நீ வழுக்கிடக் கூடாதுல்ல”ன்னார். அன்னிக்கு நான் கத்தல. வாசல்லயே உட்கார்ந்து அழுதேன்.

இப்படியே ஏழு வருஷம். போன மாசம் ஒரு போன் வந்துச்சு. டிஷ்வாஷர்ல தண்ணி சரியா வடிய மாட்டேங்குதுன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. முகவரி சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே வந்தேன். பாதியில என் கை நின்னுடுச்சு. அதே தெரு, அதே கதவு நம்பர்.

சீட்டை எடுத்து ரெஜிஸ்டருக்கு அடியில சொருகினேன். வேற ஆளை அனுப்பலாம்னா, அன்னிக்குன்னு பார்த்து இன்னொருத்தரும் லீவு. ரெண்டு நாள் அப்படியே ஓட்டினேன். மூணாம் நாள் நான் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்த நேரம் அந்தப் பொண்ணு திரும்பக் கூப்பிட, இவர் எடுத்துட்டார். நான் கை கழுவிட்டு வந்து பார்த்தப்ப பெட்டியைத் தூக்கிட்டு நிக்கிறார்.

“நான் போறேன். அந்த ஹோஸைப் பார்த்தா தெரிஞ்சுடும்”னார். “நீயும் வா.”

கடையைப் பக்கத்து மேசைக்காரிகிட்ட விட்டுட்டு நானும் வேன்ல ஏறினேன். அந்த ஹோஸைப் பார்க்க எனக்குப் பயம். அவரை விட எனக்குத்தான் அதிகம்னு அப்போ அவருக்குத் தெரியாது.

கதவைத் திறந்தது அந்தப் பொண்ணு. போன வருஷம்தான் அப்பாவோடவே வந்து தங்கிட்டதாச் சொல்லுச்சு. “ஆறு வருஷமா அந்த மெஷினை அப்பா தொட விடல அண்ணா. நான் வந்துதான் ஓட்ட ஆரம்பிச்சேன். முதல்ல நல்லா இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வடியறது குறைஞ்சுது. இப்போ பாருங்க, அடியில நாலு விரல் உயரத்துக்கு நிக்குது.” யார் மெஷினை மாட்டினாங்கன்னு அதுக்குத் தெரியல. அப்போ அந்தப் பொண்ணு வேற ஊர்ல இருந்திருக்கு.

சமையலறை வாசல்ல ஒரு நாற்காலி போட்டு அந்தப் பொண்ணோட அப்பா உட்கார்ந்திருந்தார். பெரியவர். முன்னாடி தையல்காரரா இருந்தவர், விரல் நுனியெல்லாம் தடிச்சுக் கிடந்துச்சு. எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கல. இவர் உள்ள போறதுக்கு முன்னாடி வலது காலை மெல்ல நகர்த்தித் தரையைத் தேய்ச்சுப் பார்த்தார். காஞ்ச தரை. ரொம்ப சுத்தமான தரை.

வேலையை ஆரம்பிச்சார். மெஷின்ல நிக்கிற தண்ணியை மக்கால மொண்டு ஊத்தினார். நாத்தம் குடலைப் புரட்டுச்சு. ஃபில்டரை எடுத்தார், சுத்தமா இருந்துச்சு. பம்ப் மூடியைக் கழட்டி உள்ள இருக்கிற சக்கரத்தை விரலால சுத்திப் பார்த்தார், லேசா சுத்துச்சு. கொஞ்சம் தண்ணி ஊத்தி வடிய விட்டார். பம்ப் உறுமுது, ஆனா தண்ணி நூல் மாதிரிதான் போகுது. பொண்ணுக்கு ஏதோ ஆபீஸ் போன் வர, அது அடுத்த ரூமுக்குப் போயிடுச்சு.

மிச்சம் ஹோஸ்தான். அவர் சிங்க் கீழே இருக்கிற கதவைத் திறந்து, டார்ச்சை அடிச்சு, தலையை உள்ள விட்டார். நான் பக்கத்துலேயே நின்னேன். அவர் என் காலைப் பார்க்கட்டும்னு வேணும்னே ஒட்டி நின்னேன்.

டார்ச் வெளிச்சம் உள்ள அங்கேயும் இங்கேயும் நகர்ந்துச்சு. அப்புறம் “இங்க வந்து பாரு”ன்னார். குனிஞ்சு பார்த்தேன். ஹோஸ் குழாயோட சேர்ற இடத்துல ஆரம்பிச்சு ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி சுத்தியிருக்கு. மெல்லிசுக் கம்பி, பாபின்ல நூல் சுத்தின மாதிரி அவ்வளவு நெருக்கமா, ஒண்ணு மேல ஒண்ணு. முனையில பிளையரால முறுக்கி முறுக்கி முடிச்சுப் போட்டிருக்கு. அது நெரிச்ச நெரிப்புல ஹோஸ் உள்வாங்கி, ஒரு விரல் கூட நுழையாத அளவுக்குச் சுருங்கிப் போயிருந்துச்சு. தண்ணி எப்படி வடியும்?

“யாருங்கய்யா இதைச் சுத்தினது?”ன்னு இவர் உள்ள இருந்தே கேட்டார்.

நாற்காலி கிறீச்சுன்னுச்சு. பெரியவர் எழுந்து வந்து, அடுத்த ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, இவர் பக்கத்துல தரையில உட்கார்ந்தார்.

“நான்தான் தம்பி. பொண்ணு மெஷினைப் போடும்போதெல்லாம், அதுக்கு முன்னாடி வந்து ஒரு சுத்து இறுக்கிடுவேன். அதுக்குத் தெரியாது. சொல்லிடாத.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “என் வீட்டுக்காரியை நான்தான் கொன்னேன்.”

இவர் தலையை வெளிய எடுத்தார்.

“மெஷின் மாட்டின மறுநாள், அந்த ஹோஸ் குப்பைக் கூடை வைக்கிற இடத்துல குறுக்கே வருதுன்னு அவ முணுமுணுத்தா. சும்மா இருந்திருக்கலாம். நான் பெரிய இவனாட்டம் அதைக் கழட்டி, பின்பக்கமா வளைச்சு, திரும்ப மாட்டினேன். மாட்டத் தெரியாம மாட்டிட்டேன். அடுத்த நாள் அவ ஆசை தாங்காம மெஷினைப் போட்டா, பிச்சுக்கிட்டு ஊத்திடுச்சு. மாட்டிக் கொடுத்த பையன் ஒழுங்காத்தான் மாட்டிட்டுப் போனான். நான் கை வச்சு கெடுத்தேன்.”

கடவுளே, அந்த நேரத்துல எனக்கு வந்த சந்தோஷத்தை என்னன்னு சொல்றது. ஒரு மனுஷன் கண்ணெதிர்ல நொறுங்கிப் போய் உட்கார்ந்திருக்கார், எனக்கு உள்ளுக்குள்ள குதிக்குது. அவர் இல்ல, எங்க வீட்டுக்காரர் இல்ல! எழுந்திருங்க, போகலாம்னு அவர் தோளைத் தொட்டேன். வெட்கமாத்தான் இருக்கு, ஆனா நடந்தது அதுதான்.

இவர் எழுந்திருக்கல. பெரியவரையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

“கழட்டினீங்களே, எதை வச்சுக் கழட்டினீங்க?”

“எதை வச்சுன்னா?”

“ஸ்க்ரூடிரைவரா? பிளையரா?”

“அதெல்லாம் அப்போ எங்கிட்ட ஏது தம்பி? கையாலதான். லேசா இழுத்தேன், வந்துடுச்சு.”

பதினஞ்சு வருஷம் அந்தக் கடையில உட்கார்ந்தவ நான். கேட்டதும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. என் கை அவர் தோள்ல இருந்து தானா நழுவுச்சு. முறுக்கின கிளாம்ப்புல இருக்கிற ஹோஸை மல்யுத்தக்காரன் இழுத்தாலும் கையால எடுக்க முடியாது. பேசாதீங்க, வாயைத் திறக்காதீங்கன்னு மனசுக்குள்ள கத்துறேன். அந்தப் பெரியவருக்கு எதுவும் புரியல. இவர் வாயை மூடிக்கிட்டா இந்த உலகத்துல யாருக்கும் எதுவும் தெரியாது.

“ஐயா”ன்னார் இவர். “மாட்டிக் கொடுத்த பையன் நான்தான்.”

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“முறுக்கியிருந்தா கையில வந்திருக்காது. லேசா இழுத்து வந்துச்சுன்னா, நான் முறுக்கல. நீங்க தொடாம விட்டிருந்தாலும் ஒரு நாள் இல்ல ஒரு நாள் அது கழண்டுதான் இருக்கும். நீங்க இல்லய்யா. நான்.”

அந்த மனுஷன் அடிப்பார்னு நினைச்சேன். அடிக்கட்டும்னும் நினைச்சேன். அவர் வாய் மட்டும் அசைஞ்சுது.

“அப்போ நான் இல்லையா?”

“நீங்க இல்ல.”

“நான் கையால இழுத்தேனே தம்பி.”

“இழுத்ததால ஒண்ணும் ஆகல. முறுக்காததால ஆச்சு.”

“நான் இல்லையா”ன்னு திரும்பக் கேட்டார். சிங்க் கதவைப் பிடிச்சுக்கிட்டு, அதுல நெத்தியை வச்சு, ஒரு சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார். இவர் பக்கத்துலேயே கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். சமாதானமா ஒரு வார்த்தை சொல்லல, மன்னிச்சுடுங்கன்னும் கேக்கல. கேக்க வாய் வரலைன்னு அப்புறம் சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சுப் பெரியவர் முகத்தைத் துடைச்சுக்கிட்டார். இவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “வேலையை முடிச்சுட்டுப் போ. இனிமே இந்த வீட்டுக்கு நீ வராத.”

“சரிங்கய்யா.”

கம்பியை வெட்டி எடுத்தார். நசுங்கின ஹோஸைக் கழட்டிப் புதுசு போட்டார். கிளாம்ப்பை முறுக்கினார், என் நகப்பூச்சால கோடு போட்டார். தண்ணியை விட்டு வடிய வச்சார். கடகடன்னு ஒரே மூச்சுல போச்சு. பொண்ணு போனை வச்சுட்டு வந்து, “அடேங்கப்பா, என்னண்ணா இருந்துச்சு?”ன்னு கேட்டுச்சு. “ஹோஸ் நசுங்கியிருந்துச்சும்மா”ன்னார். அப்பாவோட கண்ணு சிவந்திருக்கிறதைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு எங்களை ஒரு மாதிரி பார்த்துச்சு. பெரியவர் எதுவும் சொல்லல. அதுக்கப்புறம் சொல்லியிருப்பாரோ என்னவோ.

வேன்ல ஏறினதும் இவர் வண்டியைக் கிளப்பல. ஸ்டீயரிங்ல கை வச்சுக்கிட்டு நேரா பார்த்துக்கிட்டு இருந்தார். ஏழு வருஷமா அவர் முகத்துல இருந்த அந்தத் தேடல் இல்ல. அதைப் பார்க்க எனக்குப் பயமா இருந்துச்சு.

“முறுக்கலைன்னு தெரிஞ்சுடுச்சு”ன்னார். “அதைத் தாங்கிக்கலாம். நான்தான் செஞ்சேன்னு தெரிஞ்சுக்கிட்டு இருந்துடலாம். ஏன் முறுக்காம விட்டேன்னுதான் தெரியல. நான் அப்படி விடுற ஆள் இல்லையே. நீயே சொல்லுவியே.”

நான்தானே சொன்னேன். ஏழு வருஷமா அதைத்தானே வாய் ஓயாம சொன்னேன். அவருக்குச் சொன்னேனா, எனக்குச் சொல்லிக்கிட்டேனா?

அந்த வீட்ல அவர் மெஷின் மாட்டிக்கிட்டு இருந்தப்ப நான் போன் பண்ணினேன். ஒரு நாளைக்கு எட்டு தடவை பண்ணுவேன், அவருக்கு அதெல்லாம் ஞாபகத்துல நிக்காது. எனக்கு நிக்குது. “இதோ, ஹோஸைச் சொருகிட்டேன், ஒரே நிமிஷம்”னார். “உங்க ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும், அடுத்த வீட்ல கத்துறாங்க, இப்பவே கிளம்புறீங்களா இல்லையா”ன்னு கத்தினேன். அந்தப் பக்கம் ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்குள்ள விழுற சத்தம் டக்குனு கேட்டுச்சு. முறுக்கிட்டுத்தான் போட்டிருப்பார்னு ஏழு வருஷமா நம்பினேன்.

இப்போ அவர் என் பக்கம் திரும்பி, பதில் இருக்கிற மாதிரி என் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பெரியவர் சொல்லிட்டார். இவரும் சொல்லிட்டார். ஊரே சைரன்னு கூப்பிடுற நான் வாயைத் திறந்தேன்.

“வண்டியை எடுங்க”ன்னேன். “அடுத்த வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க.”